அக்கா மகளின் கல்யாணக் கூடையும் என் பிரிகேடியர் பதவியும்

சித்தூர்ப் பக்கம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினாலும் என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ரிட்டயர் ஆன பிரிகேடியர் கையெட்டும் தூரத்தில் வேறு யாரும் இல்லை, அதனால்தான். தலைமை ஆசிரியர் ஒரு தாளை வைத்துக்கொண்டு தெலுங்கில் வாசிப்பார். விடாமுயற்சி, ஒழுக்கம், தியாகம் என்று நீளும். நான் பக்கத்து நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாதி புளுகு. என்னைவிட ஒழுங்காக உழைத்தவர்கள் எத்தனையோ பேர் கர்னலாகவே வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு ஒழுக்கம் இல்லையா? நானும் அப்படிப் போயிருக்க வேண்டியவன்தான். போயிருந்தால் அதற்குக் காரணம் எதிரியின் குண்டாக இருந்திருக்காது, பனிமலையாக இருந்திருக்காது. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு மூங்கில் கூடை. இதை எந்தத் தலைமை ஆசிரியரும் வாசிக்க மாட்டார். நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் வயது விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

என் அப்பா நகரியில் அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தவர். பதினெட்டு வயதில், சித்தூரில் மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். நாட்டுப்பற்றா என்று கேட்காதீர்கள். தறிக்குழியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எனக்குக் கால் துடிக்கும், அவ்வளவுதான். ஓட்டத்தில் மூன்றாவதாக வந்து சிப்பாயாகச் சேர்ந்தேன். எங்கள் ஹவில்தார் ஒருவர் என் வாய்க்குப் பயந்தே, "நீ ஆபீசர் பரீட்சை எழுதிப் போய்விடு, எனக்கு நிம்மதி" என்றார். எழுதினேன். சிப்பாய்களிலிருந்து ஆபீசர்களை உருவாக்குகிற காலேஜில் இடம் கிடைத்தது. முடித்து வெளியே வரும்போது எனக்கு இருபத்தாறு வயது. என்னோடு தோளில் நட்சத்திரம் குத்திக்கொண்ட மற்ற பையன்களுக்கு இருபத்திரண்டு.

அந்த நாலு வருஷம் கடைசிவரை என்னை விடவில்லை. கர்னலாக இருப்பவன் ஐம்பத்து நாலு வயதில் வீட்டுக்குப் போக வேண்டும். பிரிகேடியர் ஆகிவிட்டால் ஐம்பத்தாறு. இரண்டு வருஷச் சம்பளத்துக்காக நான் அலையவில்லை. பிரிகேடியர் என்றால் மூவாயிரம் பேர் கையில் வருவார்கள். எனக்கு ஆட்களோடு இருக்க வேண்டும். அவர்களோடு நடக்க வேண்டும், அவர்களைத் திட்ட வேண்டும், அவர்கள் சமையல்கட்டில் நுழைந்து ரொட்டியைப் பிய்த்துப் பார்க்க வேண்டும். கடைசி மூன்று வருஷமாக என்னை ஒரு தலைமையகத்தில் கோப்புகளுக்கு நடுவே உட்கார வைத்திருந்தார்கள். செத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வயது தாண்டி நாலு மாதம் ஆனபோது உத்தரவு வந்தது. பிரிகேடியர் பதவி, வடகிழக்கில் ஒரு பிரிகேட், மூன்று வாரத்தில் பொறுப்பேற்க வேண்டும். நடுவில் பத்து நாள் லீவு போட்டு அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் கோபத்துக்கு எவளும் வர மாட்டாள் என்று அக்கா சொல்லுவாள். நான் யாரையும் கேட்கவே இல்லை என்பது நிஜம். ஆகவே இந்த உலகத்தில் எனக்கென்று இருந்தது அக்கா, நகரியில் நாலு பவர்லூம் போட்டிருக்கும் மாமா, அவர்களுடைய ஒரே மகள். அந்தப் பெண் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும்போது பாகாலாக்காரத் தெலுங்குப் பையன் ஒருவனைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பையன். என்னைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுவான்.

முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் முன்பு பையனுடைய அம்மா மணப்பெண் அறைக்கு வந்து, "புட்ட எக்கட?" என்று கேட்டார். கூடை எங்கே என்று அர்த்தம். அவர்கள் வழக்கத்தில் பெண்ணை ஒரு பெரிய மூங்கில் கூடையில் உட்கார வைத்து, தாய்மாமன்கள் தூக்கிக்கொண்டுதான் மணமேடைக்கு வர வேண்டுமாம்.

அக்கா திருதிருவென்று விழித்தாள். "எங்க பக்கத்துல மாமங்காரன் கையப் புடிச்சி இட்டுக்கினு வர்றதோட சரி சம்மந்தி. இவ இன்னா சின்னக் கொயந்தையா, கூடையில தூக்க?"

அந்தம்மாள் முகம் வாடிவிட்டது. நான் உடனே, "ஏன், தூக்க மாட்டோமா?" என்றேன். வயிற்றை எக்கிக்கொண்டு சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மூன்று வாரத்தில் பிரிகேடியர் ஆகப் போகிறவனுக்கு ஒரு கூடையா பெரிது?

கூடையை அவர்களே வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். இன்னொரு தாய்மாமன் வேண்டுமே! சித்தி மகனைப் பிடித்தேன். எனக்குத் தம்பி முறை. திருப்பதி டிப்போவில் பஸ் ஓட்டுகிறான். வலுவுக்குக் குறைச்சல் இல்லை, தொப்பைக்கும் குறைச்சல் இல்லை.

"ண்ணா, இது இன்னா கனம் கீது தெர்தா? பொண்ணு நகைங்களும் சேத்து..."

"வாய மூடு. நான் ஒன், டூ சொல்லுவேன். டூன்னதும் காலை எடுத்து வைக்கணும். ரெண்டு பேர் காலும் ஒண்ணா போகணும். புரியுதா?"

"புர்து ண்ணா."

கூடையைத் தூக்கினோம். பெண் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு சிரித்தாள். நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் மாதிரி ஒன்றை ஆரம்பித்தார். "ஒன், டூ" என்றேன். என் இடது கால் போனது. முப்பத்தைந்து வருஷமாக என் உடம்புக்குத் தெரிந்த முதல் கால் இடது கால்தான். அவன் வலது காலை வைத்தான். மணமேடைக்கு எவனாவது இடது காலை வைத்துப் போவானா? அவன் செய்ததுதான் சரி. நான் செய்ததும் சரி. கூடை மட்டும் சரிந்தது.

பெண் தலைகீழாகப் போகிறாள் என்று தெரிந்ததும் இடது கையைக் கீழே கொடுத்தேன். பெண், நகை, பட்டுப்புடவை, கூடை எல்லாம் என் முன்கை மேல் இறங்கின. உள்ளே சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது.

"மாமா, பொடவைக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றாள் அக்கா மகள்.

"ஒண்ணும் ஆகல. ஏறி உட்காரு."

மறுபடியும் தூக்கினோம். இந்த முறை நான் வலது காலை வைத்தேன். மேடைவரை கொண்டுபோய் இறக்கினேன். மொத்த மண்டபமும் கை தட்டியது, பையனுடைய அம்மா அழுதார். தாலி கட்டி முடிகிறவரை கையை அங்கவஸ்திரத்துக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அட்சதை போடும்போது அக்கா என் முகத்தைப் பார்த்தாள். வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. அங்கவஸ்திரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, கை கொஞ்சம் கோணலாக இருந்தது.

"பாவி. ஏன்டா சொல்லல?"

"முகூர்த்தம் முடியட்டும்னு."

"முட்ஞ்சிது. கெளம்பு புத்தூருக்கு."

எங்கள் பக்கத்தில் எலும்பு உடைந்தால் புத்தூர்தான். மெட்ராஸிலிருந்தே அங்கே கார் கட்டிக்கொண்டு கட்டுப் போட வருகிறார்கள். பக்கத்தில் பிறந்தவன் கேட்க வேண்டுமா? நான் முடியவே முடியாது என்றேன். சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே போகிறேன், அதுதான் விதி என்று கத்தினேன். மாமா ரொம்பவும் பவ்யமாக, "சரி மச்சான், மெட்ராஸே போவலாம்" என்று கார் கதவைத் திறந்துவிட்டார். பந்தியைச் சம்பந்தியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு அக்கா முன்னால் ஏறிக்கொண்டாள், நான் பின்னால் உட்கார்ந்தேன். இவ்வளவு பெரிய ஆபீசருக்கு, திருப்பதியிலிருந்து சென்னை போகிற சாலை புத்தூர் வழியாகத்தான் போகிறது என்பது வலியில் மறந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் மாமா வண்டியை ஓரம்கட்டினார். பின்னாலேயே என் தம்பி வேறு வண்டியில் வந்து இறங்கி, என் கதவுப் பக்கம் நின்றுகொண்டான். தப்பி ஓட வழியில்லை.

கட்டுப் போடுகிறவர் நடுவயதுக்காரர். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் கையையும் காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் என் பட்டு வேட்டியைப் பார்த்தார்.

"கல்யாண மாப்ளயா?"

"தாய்மாமன்."

"வேல இன்னா?"

"மிலிட்டரி. கர்னல்."

"சரி. கத்தக் கூடாது."

"நான் ஏன் கத்தறேன்?" என்று சொல்லி முடிப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்தார். கத்தினேன். காத்திருந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. காலுடைந்த ஒரு கிழவர், "மிலிட்டரியே கத்துது, நான் கத்தினா தப்பா?" என்று தன் மகனிடம் நியாயம் கேட்டார். பச்சிலையை அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, துணி சுற்றி, மூங்கில் தப்பைகளை வைத்துக் கட்டினார். மூன்று கட்டு, நாற்பது நாள், அதுவரை கை தண்ணீரில் படக் கூடாது என்றார்.

வெளியே வந்து ஒரு டிபன் கடையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் விஷயம் எனக்கு முழுதாக உறைத்தது. பதவி உயர்வு கையில் வரும் நாளில் உடம்பு முழுத் தகுதியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதவி நின்றுவிடும், காலியிடம் அடுத்தவனுக்குப் போய்விடும். எனக்கோ ஐம்பத்து நாலுக்கு எட்டு மாதம்தான் பாக்கி.

அக்காவிடம் இதைச் சொன்னேன். இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள். தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான்.

"ண்ணா, யாரு பாத்தாங்க? ஒனக்கு மெடிக்கல் டெஸ்ட்டு போன மாசமே ஆய்ட்ச்சி. மூணு வாரத்துல ரெண்டு கட்டு முடிஞ்சிரும். அப்பாலிகா முழுக்கை சட்டையப் போட்டுக்கினு போய் நில்லு. அங்க குளிருதாம்ல?"

"சரியாத்தான் சொல்றான் மச்சான்," என்றார் மாமா.

அவன் சொன்னது நடக்கக்கூடிய காரியம். சல்யூட் அடிப்பது வலது கை. இடது கையை யார் பார்க்கப் போகிறார்கள்? நான் அந்த யோசனையோடு ஒரு காபி முழுக்கக் குடித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் மேஜராக இருந்தபோது என் கம்பெனியில் ஒரு ஜவான் கால் விரல் உடைந்ததை மறைத்து, ஒரு பயிற்சிக்குப் பேர் கொடுத்துவிட்டான். மலைப்பாதையில் பாதி வழியில் விழுந்தான். இரண்டு பேர் அவனைத் தூக்கிவர வேண்டியதாயிற்று. நூற்றிருபது பேர் முன்னால் அவனை நிற்கவைத்து நான் திட்டிய திட்டு இன்னமும் எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. நான் பெரிய யோக்கியன் என்பதால் இல்லை. அந்த வார்த்தைகளை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டு மூவாயிரம் பேர் முன்னால் நிற்க முடியாது, அதனால்தான். போனை எடுத்து என் ஜெனரலைக் கூப்பிட்டேன். கை உடைந்ததைச் சொன்னேன். எப்படி என்று கேட்டார். சொன்னேன். "கூடையிலா?" என்றார். மறுபடி சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அவர் அறையில் வேறு நாலு பேர் சிரிப்பது கேட்டது.

போனை வைத்ததும் அக்கா பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு இன்னா பைத்தியமா? யார்னா கேட்டாங்களா ஒன்ன? எம் பொண்ணு கல்யாணத்துல வந்து ஒம் பொயப்பு போச்சேன்னு நான் காலம்பூரா மனசுல வெச்சிக்கினு சாவணுமா?"

அதுவரை போனால் போகட்டும் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படிக் கேட்ட பிறகு, அந்தப் பதவியை வாங்காமல் விட முடியாது என்று ஆகிவிட்டது. அவளுக்காக வாங்கியே ஆக வேண்டும்.

சென்னை ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ஒரு லெப்டினன்ட் கர்னல் அம்மா. வேலூர்க்காரர். மூங்கில் தப்பையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"சார், உங்க ஜவான் ஒருத்தன் இப்படிக் கட்டுப் போட்டுட்டு வந்தா என்ன செய்வீங்க?"

"பதினாலு நாள் உள்ளே தள்ளுவேன்."

"உங்களை நான் தள்ள முடியாது. அதான் சார் எனக்கு வருத்தம்."

எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். "எலும்பு நேராத்தான் உட்கார்ந்திருக்கு" என்றார். புத்தூர்க்காரரைப் பாராட்ட அவருக்கு வாய் வரவில்லை. கட்டைப் பிரித்து மாவுக்கட்டுப் போட்டார். இருபத்து நாலு வாரத்துக்குத் தகுதிக் குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு மறு பரிசோதனை. அதில் தேறினால் எனக்கு இரண்டு மாதமும் சொச்சமும் மிச்சம் இருக்கும். தேறாவிட்டால் இன்னொரு இருபத்து நாலு வாரம் எழுதுவார்கள், அது முடிவதற்குள் நான் நகரியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

அந்த பிரிகேட் எனக்கு ஜூனியர் ஒருவனுக்குப் போனது. நல்லவன். வாழ்த்துச் சொன்னேன், வயிறு எரிந்தது, இரண்டும் உண்மை. நான் திரும்பவும் கோப்புகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். முதல் நாள் மெஸ்ஸுக்குள் நுழைந்தால் என் நாற்காலியில் ரிப்பன் கட்டின ஒரு மூங்கில் கூடை. உள்ளே ஆரஞ்சுப் பழம். 'தூக்கும்போது வலது கால்' என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். கதை என்னை முந்திக்கொண்டு வந்துவிட்டது. கோபத்தில் கூடையைத் தூக்கி எறியப் போனேன். எறிய முடியவில்லை, ஒரு கைதானே இருந்தது. அந்த நிலையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மூன்று வருஷத்தில் நான் மெஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தோம் என்று சொன்னார்கள். பழத்தை எல்லோருமாகத் தின்றோம். அதற்குப் பிறகு இளம் ஆபீசர்கள் என் மேசைக்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் சுவரோரமாகப் போவார்கள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை. பயிற்சி கொடுக்கிற சிப்பாய் ஒருவன் தினமும் என்னை வதைத்தான். ஈரத் துண்டைப் பிழி என்பான், ரப்பர் பந்தை அமுக்கு என்பான். நான் திட்டினால், "சார், இன்னும் பத்து" என்பான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இன்னொரு பக்கம் அக்கா தினமும் காலையில் வீடியோ காலில் வந்துவிடுவாள்.

"கைய மடக்கிக் காட்டு."

"மடக்கிட்டேன்."

"நேத்து இருந்த மாதிரியேதான் கீது. ஏமாத்தாத. பொறங்கைய மடக்கு."

"வலிக்குது அக்கா."

"வலிக்கட்டும். முட்ட துன்னியா?"

பெங்களூரிலிருந்து அவள் மகளும் அதே வீடியோ காலில் சேர்ந்துகொண்டு, கை எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து எழுதி வைப்பாள். மாப்பிள்ளைப் பையன் பின்னால் நின்று சல்யூட் அடிப்பான். பையனுடைய அம்மா பாகாலாவிலிருந்து எனக்காகத் திருமலை ஏறி மொட்டை போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கூடை தன்னால்தான் வந்தது என்று நினைத்தாராம்.

மறு பரிசோதனை நாள் வந்தது. வயதான டாக்டர் ஒருவர், முகத்தில் ஒரு தசையும் அசையாது. ஒரு கருவியைக் கொடுத்து இடது கையால் அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். எண்ணைக் குறித்துக்கொண்டார். இருபது தண்டால் எடுங்கள் என்றார். எடுத்தேன். இருபதில் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தேன். முப்பத்தொன்றில், "போதும் கர்னல், நீங்கள் என் தரையை உடைக்கப் போகிறீர்கள்" என்றார். தாளில் எழுதினார். தலைகீழாக இருந்த எழுத்தை எட்டிப் படித்தேன். முழுத் தகுதி.

ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன். நாலு பவர்லூமும் ஓடிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது.

"தேறிட்டேன்!"

"இன்னா? யாரு?"

"தேறிட்டேன் அக்கா! கை சரியாயிடுச்சி!"

"கேக்கலடா, இரு! யோவ், நிறுத்துய்யா!" என்று மாமாவிடம் கத்தினாள். ஒவ்வொரு தறியாக நின்றது போனில் எனக்குக் கேட்டது. நாலாவதும் நின்ற பிறகு மறுபடியும் சொன்னேன். மூக்கை உறிஞ்சினாள். "தோ, வேலய நிறுத்தி வெச்சிட்ட. இத மெதுவா சொல்லக் கூடாதா?" என்று திட்டினாள்.

ஐம்பத்து நாலு ஆகப் பதினொரு நாள் இருக்கும்போது உத்தரவு வந்தது. வடகிழக்கு இல்லை, பாலைவனம். எந்த ஊரானால் என்ன? தோளில் பதவிச் சின்னத்தைக் குத்துவதற்கு ஒரு பக்கம் ஜெனரல், மறு பக்கம் மனைவி நிற்பது வழக்கம். என் மறு பக்கத்தில் அக்கா நின்றாள். விமானத்தில் முதல் தடவையாக வந்திருந்தாள், காது அடைத்திருந்தது, அதனால் ரொம்ப உரக்கப் பேசினாள்.

"இதுல சிங்கம் மேலயா, நட்சத்திரம் மேலயா?"

"சிங்கம் கழுத்துப் பக்கம். மெதுவா பேசு."

அக்கா என்ன சொல்கிறார் என்று ஜெனரல் என்னிடம் கேட்டார். சொன்னேன். மனிதர் தன் பக்கத்தை விட்டுவிட்டு அக்கா பக்கம் வந்து, எப்படிக் குத்துவது என்று விரலால் காட்டினார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டு, "தெர்து, தெர்து" என்று தானே குத்தினாள். ஊசி என் தோளில் நன்றாகவே ஏறியது. நான் அசையவில்லை.

இரண்டு வருஷம் அந்த மூவாயிரம் பேரோடு இருந்தேன். தினமும் காலையில் ஏதாவது ஒரு சமையல்கட்டில் நுழைந்து ரொட்டியைப் பிய்த்தேன். கோப்புகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தொடவே இல்லை. தொண்டை கட்டும்வரை திட்டினேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை.